காற்றாடி வந்தது, தண்ணீர் நின்றது

இலங்கையின் மன்னார் பஜாரில் 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் மக்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். காற்றாலைப் பாகங்களை ஏற்றிவரும் நீளமான லாரிகள் மன்னார் தீவுக்குள் நுழையக் கூடாது என்பது உடனடிக் கோரிக்கை. மீனவர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள், பங்குத் தந்தையர் வந்தார்கள். கத்தோலிக்கர், இஸ்லாமியர், இந்துக்கள் என்று எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். போரும் இடப்பெயர்வும் பிரித்துப்போட்ட அந்த மண்ணில் இது சாதாரணக் காட்சி இல்லை. ஆகஸ்ட் நடுவில் கொழும்பு அரசு ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தி வைத்தது. அந்த மாதம் முடிந்தது. செப்டம்பர் 26 இரவு போலீஸ் காவலோடு பாகங்கள் தீவுக்குள் போயின. மறித்தவர்களில் பெண்கள் உட்படப் பலருக்குக் காயம். 29ஆம் தேதி மன்னாரில் ஹர்த்தால்.

அவர்கள் எதிர்த்தது புதிதாக வரவிருந்த 14 காற்றாடிகளை. ஏற்கெனவே 30 காற்றாடிகள் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையம் அது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். முதல் முப்பது வந்தபோது இந்த அளவுக்கு எதிர்ப்பு இல்லை. ஐந்து வருடம் அவற்றோடு வாழ்ந்து பார்த்த பிறகுதான் ஊர் திரண்டது. இதைக் கவனிக்காமல் இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுவதில் பயனில்லை. தெரியாத பொருளைக் கண்டு மிரண்டவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது.

சென்னையில் இந்தச் செய்தி வந்தபோது இரண்டே கோணங்களில் வந்தது. ஒன்று, இந்தியப் பெருநிறுவனம் ஒன்றின் கதை. மன்னாரில் 52 காற்றாடிகளும் 250 மெகாவாட்டும் என்று பேசப்பட்ட திட்டம். இருபது வருடத்துக்கு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று 2024இல் விலை முடிவாகி, இலங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, அரசு மாறி, விலையை மறுபடி பேச வேண்டும் என்றான பிறகு, 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. இரண்டாவது கோணம் பறவைகள். இரண்டையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விலை அதிகமா குறைவா என்ற விவாதத்தில் மன்னார்க்காரர் எங்குமே இல்லை. நான் பார்க்க விரும்புவது மூன்றாவது விஷயம். அது தண்ணீர். மழை பெய்தால் அந்தத் தீவில் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி.

மன்னார் தீவு ஒரு நீண்ட மணல் திட்டு. தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல்வழி முப்பது கிலோமீட்டருக்குள்தான். 1914 முதல் 1964 புயல் வரைக்கும் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனவர்கள் நம் தாத்தா தலைமுறையில் உண்டு. மேட்டு நிலம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. பனை, உடை முள், பள்ளிமுனையில் அந்தப் பிரம்மாண்டமான பெருக்க மரம், தெருவில் திரியும் கழுதைகள், மிச்சமெல்லாம் மணல். மலையும் இல்லை, பெயர் சொல்லும்படி ஆறும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும்.

இப்படிப்பட்ட தீவில் குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீருக்கு எடை குறைவு என்பதுதான் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால் அதே கணக்கு பயமுறுத்தும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே பல அடி உப்பு ஏறிவிடும். அதனால் அந்த மணல் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, மிஞ்சியது எந்தப் பள்ளம் வழியாகக் கடலுக்கு வடிகிறது என்பதெல்லாம் அங்கே கிணற்றின் உயிர். மழை அதிகமானால் வடிய வேண்டும். வடிவதும் ஒரேயடியாக வடிந்துவிடக் கூடாது. இந்தச் சமநிலையை எந்தப் பொறியாளரும் கட்டித் தரவில்லை. மணலும் பனந்தோப்பும் சின்னச் சின்னப் பள்ளங்களும் சேர்ந்து காலங்காலமாகக் காத்துவந்த சமநிலை அது.

இதற்குள் காற்றாடி எப்படி வருகிறது? காற்றாடி என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது தூணும் மூன்று இறக்கைகளும்தான். அது நிற்கிற இடம் சின்னது. சுற்றிலும் ஆடு மேயலாம், பயிர் போடலாம் என்று விளம்பரப் படங்களில் காட்டுவார்கள். படத்தில் இல்லாதது பாதை. தம்பபவனியில் இருப்பது போன்ற காற்றாடியின் ஓர் இறக்கை அறுபது மீட்டரைத் தாண்டும். அதை ஒரே துண்டாகத்தான் கொண்டுபோக முடியும். அந்த லாரி திரும்ப வேண்டும் என்றால் வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான டன் தூக்கும் கிரேன் மணலில் புதையாமல் நிற்க வேண்டும். அதனால் கிராவலும் கல்லும் கொட்டி, உருளை ஓட்டி இறுக்கி, தரையைவிட உயர்த்திப் பாதை போடுகிறார்கள். காற்றாடிக்குக் காற்றாடி அந்தப் பாதை போகிறது. கரையோரமாக ஒரே நேர்கோட்டில் காற்றாடிகளை நட்டால், பாதையும் கடலுக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் ஓடும். தட்டையான மணல் தீவில் அதற்கு இன்னொரு பெயர் அணை.

தண்ணீர் உள்நிலத்திலிருந்து கடலை நோக்கி வரும். வழியில் மேடு. அங்கங்கே குழாய் வைத்திருப்பார்கள், மதகு வைத்திருப்பார்கள். ஆனால் மணல் தீவில் நீர் ஒரு கால்வாயில் வருவதில்லை. நிலம் முழுக்கப் பரவி, கணுக்கால் ஆழத்தில் மெதுவாக நகர்கிறது. பரந்து வருகிற நீரை நாலு குழாய்க்குள் போ என்றால் போகாது. தேங்கும்.

தென்கரைக் கிராமங்களின் புகார் இதுதான். காற்றாலை வந்த பிறகு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, முன்பு ஓரிரு நாளில் வடிந்தது இப்போது வடிவதில்லை என்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் வந்த மழையில் மன்னார் மாவட்டம் முழுவதும் பல ஆயிரம் குடும்பங்கள் பாதிக்கப்பட்டபோது இந்தப் பேச்சு உரத்துக் கேட்டது. வடிகால்கள் முறையாக அமைக்கப்பட்டிருக்கின்றன, வெள்ளத்துக்குக் காரணம் வழக்கத்தை மீறிய மழை, தீவின் காற்று நாட்டுக்குத் தேவை என்பது மறுதரப்பின் வாதம். மழை மிஞ்சியது உண்மைதான். ஆனால் மிஞ்சிய மழை பெய்யும் நாளில்தான் வடிகால் வேலை செய்ய வேண்டும். அளவான மழைக்கு வடிகால் யாருக்கு வேண்டும்?

பறவைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி மன்னார். தீவை இணைக்கும் தாம்போதியின் பெருநிலப் பக்கம் இருக்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மன்னாரில் கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ஆர்க்டிக் பகுதி வரை போய்த் திரும்பி வந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூநாரைகள் கூட்டமாக இறங்குகிற இடம். பறவைக் கூட்டம் நெருங்கினால் கண்டுபிடிக்க ரேடார் வைக்கப்படும் என்று தம்பபவனித் திட்டத்திலேயே அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். உலகம் முழுக்கப் பறவைகளுக்காகப் பேச ஆள் இருப்பதால் அது கிடைத்தது. துள்ளுக்குடியிருப்பிலும் தாழ்வுபாட்டிலும் வாசலில் நிற்கும் தண்ணீருக்காகப் பேச ஆள் குறைவு. கரைவலை இழுப்பவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். கரையோரத்தில் மீன் வரத்து குறைந்துவிட்டதாம். இரைச்சலா, அதிர்வா, வெப்பமான கடலா, இழுவைப் படகுகளா, எது எவ்வளவு என்பதை அளந்து சொல்ல வேண்டியது அறிவியலின் வேலை. அளக்காமலே அடுத்த பதினாலைக் கொண்டுவந்தால் மக்கள் லாரியை மறிக்கத்தான் செய்வார்கள். இதே தீவின் மணலில் இல்மனைட் கனிமம் தோண்டவும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று துளையிட்டுப் பார்த்திருக்கிறது. மேலே பாதை போட்டு நீரை மறித்து, கீழே மணலை அள்ளிவிட்டால் அந்தக் கிணறுகளில் எதை இறைப்பது? பஜார்ப் பந்தலில் காற்றாலையும் கனிமமணலும் ஒரே கோரிக்கையில் சேர்ந்தது தற்செயல் இல்லை.

காற்றாலையை நான் வெறுக்கவில்லை. நிலக்கரியை எரிப்பதைவிட அது எவ்வளவோ மேல். நல்ல திட்டம் என்று முத்திரை விழுந்துவிட்டால் அது நிற்கும் இடத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றாகிவிடுகிறதே, என் பயம் அதில்தான் இருக்கிறது. இந்தப் பயம் எனக்கு மன்னாரிலிருந்து வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தது.

எங்கள் பேட்டையைக் கூவம் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், துபாஷ் சுங்குராமாவின் தோட்டமாக இருந்த இடத்தில் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஆற்று வளைவும் மரநிழலும் தறிக்கும் துணி அலசவும் தோதாக இருந்தன. அந்த ஆறு என்ன ஆனது என்று சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது சாக்கடையைப் பற்றி இல்லை, தூண்களைப் பற்றி. சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கம் தாண்டினால், ஜன்னலுக்குக் கீழே பக்கிங்ஹாம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டை 1877, 78இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டினார்கள். கூலிக்குக் கஞ்சி குடித்தவர்கள் வெட்டிய கால்வாய். ஒரு ஆறு பொங்கினால் இன்னொன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகக் கூடிய கால்வாய்.

அதற்குள்தான் ரயிலின் தூண்களை இறக்கினார்கள். 1995இல் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை ரயில் ஓடியது. கையகப்படுத்த நிலம் வேண்டாம், வீடுகளை இடிக்க வேண்டாம், கால்வாய் சும்மாதானே கிடக்கிறது என்ற கணக்கு. பொதுப் போக்குவரத்து நல்ல காரியம். அதை யார் எதிர்க்க முடியும்? எதிர்த்துப் பேசிய சூழலியல் ஆர்வலர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள் ஆனார்கள். இன்று அந்த ரயிலில் நானும்தான் போகிறேன், எனக்கு அது வேண்டும். ஆனால் 2015 டிசம்பரில் மயிலாப்பூர், கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று தண்ணீர் ஏறியபோது, கால்வாயின் அகலத்தைத் தின்ற தூண்களுக்கும் நிலையங்களுக்கும் யாரும் கணக்கு எழுதவில்லை. துறைமுகத்துக்கும் மதுரவாயலுக்கும் இடையிலான பறக்கும் சாலை கூவத்துக்குள் தூண் இறக்குகிறது, நீரோட்டம் தடைபடும் என்று சொல்லி 2012இல் வேலை நின்றது. பத்து வருடம் கழித்து மறுபடி அடிக்கல். இப்போது தூண்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. நீர் ஒரு இடத்தைத் தன் வழி என்று வைத்திருந்தால், அந்த இடம் காலி மனை என்று நம் திட்டக்காரர்களுக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அப்படித்தான் சுருங்கியது. அதற்கு ராம்சார் பட்டம் 2022இல் கிடைக்கும்போது பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது.

தீவுக்காரர்கள் தென்கரைப் பாதையைப் பார்த்து என்ன சொல்கிறார்களோ, அதைத்தான் மழைக்காலத்தில் சென்னையில் முழங்கால் தண்ணீரில் நிற்பவரும் சொல்கிறார். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே தண்ணீர் தேங்கினால் தொலைக்காட்சி கேமரா வந்துவிடும்.

தமிழ்நாட்டுக் காற்றாலைக் கதையைத் தொடாமல் இருந்தால் அது நேர்மை ஆகாது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே ஆனி, ஆடியில் காற்று பாய்ந்து வரும்போது சென்னையின் ஏசியும் மெட்ரோவும் அதில் ஓடுகின்றன. நாம் அந்தக் கிராமங்களைப் பார்ப்பது குமரி எக்ஸ்பிரஸ் ஜன்னலில் மட்டும். காற்றாடி வரிசை அழகாக இருக்கும். கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கம் கரிசல் காட்டு விவசாயியைக் கேட்டால் வேறு கதை வரும். ஓடையை மறித்துப் பாதை போட்டுவிட்டார்கள், கண்மாய்க்கு வரத்துக் கால்வாய் இல்லை, ஆடு போகிற வண்டிப்பாதையில் கம்பி வேலி. மானாவாரி நிலத்தில் வரத்து நின்றால் அந்த வருஷ விதைப்பு போயிற்று. மன்னாரில் நீர் வடியவில்லை என்று அழுகிறார்கள், கரிசலில் நீர் வந்து சேரவில்லை என்று அழுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் அந்த உயர்த்திப் போட்ட பாதைதான்.

இதில் நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இலங்கையில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை என்று ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல முப்பது நாள் தரும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. அதில் ஆயிரம் குறை இருக்கலாம். அறிக்கை கையில் இருந்ததால்தான் நீதிமன்றப் படியேற முடிந்தது, எந்த இடத்தில் எத்தனை காற்றாடி என்று வரைபடத்தைக் காட்டி வாதாட முடிந்தது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை கிடையவே கிடையாது. ஆகவே தாக்க அறிக்கை கட்டாயம் இல்லை, கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. 2016இல் தொழில்களை வண்ணம் வைத்துப் பிரித்தபோது காற்றாலை வெள்ளை வகைக்குப் போனது, மாசில்லாத தொழில் என்று. புகை வராது என்பது சரி. ஓடை மறிபட்டால் அது எந்த நிறம்? கரிசல் விவசாயி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாளன்று வரிசையில் நின்று மனு கொடுக்கலாம். மன்னார்க்காரருக்கு இருந்த அந்த முப்பது நாள்கூட அவருக்கு இல்லை.

அனுமதி கொடுத்தது யார் என்று பார்த்தால் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி. தலைநகரில் கையெழுத்து விழுகிறது, பிரதேச சபைக்கும் ஊராட்சிக்கும் தகவல் போகிறது. உள்ளூர்க்காரர் கூட்டத்துக்கு அழைக்கப்படும்போது எத்தனை காற்றாடி, எந்த வரிசை, எந்தக் கரை என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். மிச்சமிருப்பது இழப்பீட்டுத் தொகை. எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், எந்தப் பனங்காட்டு வழியாக அது கடலுக்கு இறங்கும் என்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணலாகத் தெரிவது அவளுக்கு வாய்க்கால். சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் நாள் பிசகாமல் சொல்லத் தெரிந்த கரைவலைக்காரரிடம் காற்றைப் பற்றிக்கூட யாரும் கேட்பதில்லை. கேட்டால் திட்டம் கெட்டுவிடாது. காற்றாடியை நூறு மீட்டர் தள்ளி நடலாம். கடலுக்கு இணையாக ஒரே பாதை போடுவதற்குப் பதில், இருக்கிற சாலையிலிருந்து குறுக்கே சின்னக் கிளைகள் வெட்டலாம். பாகங்களைத் தூக்கி நிறுத்தியதும் அகலத்தைக் குறைத்து, உயரத்தை இறக்கி, மணலை மணலாக விட்டுவிடலாம். செலவு ஏறும். ஏறட்டும். இல்லாவிட்டால் அந்தச் செலவு ஒவ்வொரு கார்த்திகையும் குடிசைக்குள் தண்ணீராக வரும்.

அடுத்தது நம் வாசல். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். தமிழ்நாடு என்றால் பேசப்படுவது மன்னார் வளைகுடாப் பக்கம். பந்தல் போட்டு உட்கார்ந்தார்களே, அதே வளைகுடாவின் மறுகரை. கடலில் நட்டால் நிலத்துக்குத் தொல்லை இல்லை என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மின்சாரம் கரையேற வேண்டாமா? கேபிள் ஏதோ ஒரு கரையில் ஏறும். அங்கே துணை மின்நிலையம் வரும், அதற்குக் கனரக வண்டி போகிற பாதை வரும், உள்நாட்டுக்குக் கோபுரங்கள் வரிசையாக நடக்கும். தென்கடலோரம் முழுக்கத் தேரி மணல், உப்பளம், கடலுக்கு இறங்கும் ஓடை. மண்ணின் குணம் மன்னாரைப் போலத்தான்.

அந்தக் கரை எது என்று இறுதியாவதற்கு முன்பாகவே அங்குள்ள ஊராட்சிகள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வடகிழக்குப் பருவமழைக்காவது ஊர்க்காரரைக் கூட வைத்துக்கொண்டு நீர் ஓடும் வழியை அளந்து, வரைபடமாக்கி, தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். பாதையின் உயரமும் மதகின் எண்ணிக்கையும் அந்த வரைபடத்தைப் பார்த்து முடிவாக வேண்டும். கிராம சபை கூடும் நாட்களில் இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றலாம். முதல் லாரி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.